பிராமிஸ்: இன்னும் வராத பதிலுக்கு ஒரு ரசீது

ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் சின்னதாக ஒரு பக்கம் எழுதினேன். சர்வரிலிருந்து பயனரின் பெயரை வாங்கி, "வணக்கம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். திரையில் வந்ததோ "வணக்கம், [ஆப்ஜெக்ட் பிராமிஸ்]". சர்வரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அன்று மாலை முழுவதும் அங்கேயே தோண்டிக்கொண்டிருந்தேன். சர்வர் சரியான பெயரைத்தான் அனுப்பியிருந்தது.

பிராமிஸ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். நிரலை வேகமாக்கும் என்பார் ஒருவர். வேலையைப் பின்னணியில் ஓட்டும் என்பார் இன்னொருவர். கால்பேக்குக்குப் புதுப்பெயர் என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. மூன்றுமே தவறு. பிராமிஸ் எந்த வேலையையும் செய்வதில்லை. வேறு யாரோ செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நம் கையில் கிடைக்கும் ரசீது அது. பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு சீட்டு தருவார்களே, அதைப் போல. அன்று நான் கடிகாரத்தைக் கட்டுவதாக நினைத்துச் சீட்டைக் கையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

சீட்டு எதற்கு, கடிகாரத்தையே உடனே கொடுத்தால் என்ன? அங்கிருந்து தொடங்குவோம்.

## ஒரு நேரத்தில் ஒரு வேலை

ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாளில் எழுதிமுடித்தார். வலைப்பக்கத்துக்குள் சில்லறை வேலைகள் பார்க்கத்தான் அந்த மொழி. அதன் அடிப்படைக் குணம் இன்றும் மாறவில்லை: ஒரு பக்கத்தின் நிரல் ஒரே இழையில் ஓடுகிறது. இழை என்பது வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு போகும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஒருவர்தான், அவர் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் பார்ப்பார்.

பட்டனை அழுத்தியதைக் கவனிப்பது, தட்டச்சு செய்த எழுத்தைக் காட்டுவது, பக்கத்தை மறுபடி வரைவது எல்லாம் அதே ஆளை நம்பித்தான் இருக்கின்றன. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது ஏறக்குறைய 16 மில்லி நொடிக்கு ஒரு தடவை. சர்வரிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வர 300 மில்லி நொடி ஆகிறது என்றால், நம் ஆள் அதுவரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றால் 18 முறை வரைய வேண்டிய திரை வரையப்படாமல் கிடக்கும். பயனரின் கண்ணுக்குப் பக்கம் உறைந்துபோனதாகத் தெரியும்.

இப்படி நின்று காத்திருந்து அடுத்த வரிக்குப் போவது ஒத்திசைந்த முறை. கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவது ஒத்திசைவற்ற முறை. நிரலாளர் பேச்சில் இதற்கு ஏசிங்க் என்று பெயர். (முதல் எழுத்தை 'அ' என்று எழுதினால் சொல் வேறு பொருளுக்குப் போய்விடுகிறது, அதனால் 'ஏ' போட்டே எழுதுகிறேன்.)

நிற்காமல் போய்விட்டால், பதில் வருகிறதா என்று யார் பார்ப்பது? பிரவுசர். வலை இணைப்பு, நேரக்கணக்கு போன்றவை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வெளியே பிரவுசரின் பொறுப்பு. பதில் வந்ததும் "இது முடிந்தது, இனி இந்த ஃபங்ஷனை ஓட்டு" என்று பிரவுசர் ஒரு குறிப்பை வரிசையில் வைக்கும். (ஃபங்ஷன் என்பது வேண்டும்போது ஓட்டக்கூடிய ஒரு நிரல் துண்டு.) நம் ஆள் கையிலிருக்கும் வேலையை முழுசாக முடித்துவிட்டு, வரிசையிலிருந்து அடுத்த குறிப்பை எடுப்பார். எடுப்பது, முடிப்பது, மறுபடி எடுப்பது என்ற இந்தச் சுற்றுக்குத்தான் ஈவண்ட் லூப் என்று பெயர்.

இதுவரை பார்த்ததில் பிராமிஸ் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். காத்திருக்கும் வேலை பிரவுசருடையது. வரிசையை நடத்துவது ஈவண்ட் லூப். பிராமிஸ் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டும் இருந்தன.

## "முடிந்ததும் கூப்பிடுங்கள்"

வரிசையில் எந்த ஃபங்ஷனை வைப்பது என்று பிரவுசருக்கு எப்படித் தெரியும்? நாமே கொடுத்துவிட வேண்டும். "பதில் வந்ததும் இதை ஓட்டு" என்று ஒப்படைக்கும் ஃபங்ஷன்தான் கால்பேக். தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது போன்ற ஏற்பாடு.

ஒரு வேலைக்கு இது போதும். ஒன்றின் பதிலை வைத்து இன்னொன்றைக் கேட்க வேண்டியிருந்தால்தான் சிக்கல். பயனரை எடுத்து, அவருடைய பதிவுகளை எடுத்து, முதல் பதிவின் கருத்துகளை எடுக்க வேண்டும் என்று வையுங்கள்:

    பயனரை_எடு(7, ஃபங்ஷன் (பயனர்) {
      பதிவுகளை_எடு(பயனர், ஃபங்ஷன் (பதிவுகள்) {
        கருத்துகளை_எடு(பதிவுகள்[0], ஃபங்ஷன் (கருத்துகள்) {
          காட்டு(கருத்துகள்)
        })
      })
    })

(ஃபங்ஷன்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது. மொழிக்கே உரிய சொற்களை மட்டும் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இங்கே படிப்பதற்காகத் தமிழில் தருகிறேன்.)

வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும் இந்த வடிவத்தைக் கால்பேக் நரகம் என்பார்கள். ஆனால் எல்லோரும் குறை சொல்லும் இந்தச் சரிவு, உண்மையில் கண்ணுக்கு உறுத்தல் மட்டுமே. ஃபங்ஷன்களுக்குப் பெயர் வைத்துத் தனித்தனியாக எழுதினால் சரிவு போய்விடும். தீராத தொல்லைகள் வேறு இரண்டு.

ஒன்று, பிழை. சாதாரண நிரலில் ஒரு பகுதியை ட்ரை என்ற கட்டத்துக்குள் போட்டால், உள்ளே எங்கே பிழை எழுந்தாலும் அதனுடன் சேர்ந்த கேட்ச் கட்டம் பிடித்துக்கொள்ளும். மேலே இருப்பதைச் சுற்றி அப்படிப் போட்டுப் பயனில்லை. கால்பேக் ஓடும் நேரத்தில் ட்ரை கட்டம் எப்போதோ முடிந்து, நம் ஆள் வேறு வேலையில் இருப்பார். அதனால் ஒவ்வொரு படியிலும் பிழையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுவதற்காக 2009-ல் வந்த நோட் ஜேஎஸ், கால்பேக்கின் முதல் இடத்தையே பிழைக்கு ஒதுக்கி இதை ஒரு வழக்கமாக்கியது. மூன்று படி என்றால் மூன்று சோதனை. ஒன்றை மறந்தால் அந்தப் பிழை சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

இன்னொன்று, பிடி நம் கையில் இல்லாதது. எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. அவர்கள் கூப்பிட மறக்கலாம். இரண்டு முறை கூப்பிடலாம். அந்த ஃபங்ஷன் பணம் கட்டும் ஃபங்ஷனாக இருந்து இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும்? கால்பேக் முறையில் இதைத் தடுக்க உத்தரவாதம் எதுவும் இல்லை.

## எண்ணைக் கொடுக்காமல் சீட்டை வாங்குவது

பிராமிஸ் இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போடுகிறது. நாம் ஃபங்ஷனை ஒப்படைப்பதில்லை; அவர்கள் நம்மிடம் ஒரு பொருளை, அதாவது ஆப்ஜெக்டை, உடனே கொடுக்கிறார்கள். பின்னால் வரப்போகும் பதிலுக்கு அது அடையாளம். மாறியில் (வேரியபிளில்) போட்டு வைக்கலாம், வேறொரு ஃபங்ஷனுக்கு அனுப்பலாம், நான்கு இடத்தில் பயன்படுத்தலாம். பதில் வராவிட்டாலும் அதற்கான சீட்டு நம்மிடம் இருக்கிறது.

சீட்டுக்கு மூன்று நிலைகள். கொடுத்தபோது காத்திருப்பு. பதில் நல்லபடியாக வந்தால் நிறைவேறியது, அதனுடன் பதிலும் இருக்கும். முடியாமல் போனால் மறுக்கப்பட்டது, அதனுடன் காரணமும் இருக்கும். காத்திருப்பிலிருந்து இரண்டில் ஒன்றுக்குப் போனபின் அங்கிருந்து நகர வழியே கிடையாது. நிறைவேறியது மறுபடி மறுக்கப்படாது, இரண்டாம் தடவை நிறைவேறவும் செய்யாது. பணம் கட்டும் ஃபங்ஷனைப் பற்றிய கவலை இதில் தீர்கிறது.

இந்த யோசனை ஜாவாஸ்கிரிப்ட்டில் பிறந்ததும் இல்லை. பிராமிஸ் என்ற பெயரை டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைஸும் 1976-லேயே பயன்படுத்தினார்கள். 1988-ல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் வலைப்பின்னலில் இயங்கும் நிரல்களுக்கு ஏற்றபடி அதை வளர்த்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பல நிரல் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) தத்தம் பாணியில் செய்துகொண்டிருந்ததை 2012-ல் பிராமிசஸ் ஏ பிளஸ் என்ற பொது வரையறை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. 2015 பதிப்பில் அது மொழியின் பகுதியாகவே ஆனது.

## தென்: சீட்டைக் கொடுத்துப் பொருளைக் கேட்பது

சீட்டுக்குள் இருக்கும் பதிலை நேராக எட்டிப் பார்க்க முடியாது. "பதில் வந்ததும் அதை வைத்து இதைச் செய்" என்று சொல்லத்தான் முடியும். அதற்கான வழி தென், ஆங்கிலத்தில் 'பிறகு' என்று பொருள்.

    பயனரை_எடு(7)
      .தென்(பயனர் => பதிவுகளை_எடு(பயனர்))
      .தென்(பதிவுகள் => கருத்துகளை_எடு(பதிவுகள்[0]))
      .தென்(கருத்துகள் => காட்டு(கருத்துகள்))
      .கேட்ச்(பிழை => பிழையைக்_காட்டு(பிழை))

(அம்புக்குறி, ஃபங்ஷனைச் சுருக்கி எழுதும் முறை.) இங்கும் ஃபங்ஷன்தானே கொடுக்கிறோம், கால்பேக்கிலிருந்து என்ன வித்தியாசம் என்று தோன்றும். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: ஒவ்வொரு தென்னும் புதிய பிராமிஸ் ஒன்றைத் திருப்பித் தருகிறது. பிராமிஸைப் புரிந்துகொள்வதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தென்னுக்குள் நாம் கொடுத்த ஃபங்ஷன் என்ன செய்கிறதோ, அதுதான் அந்தப் புதிய சீட்டின் கதியை முடிவுசெய்யும். ஃபங்ஷன் ஓர் எண்ணையோ எழுத்தையோ திருப்பினால், புதிய சீட்டு அதே மதிப்புடன் நிறைவேறும். இன்னொரு பிராமிஸைத் திருப்பினால், அது முடியும்வரை புதிய சீட்டும் காத்திருந்து, அதற்கு என்ன ஆகிறதோ அதையே தானும் ஏற்கும். ஃபங்ஷனுக்குள் பிழை எழுந்தால் புதிய சீட்டு மறுக்கப்படும். மேலே முதல் தென்னில் உள்ள ஃபங்ஷன் பதிவுகளுக்கான பிராமிஸைத் திருப்புகிறது. அதனால்தான் இரண்டாவது தென், பதிவுகள் வந்த பிறகே ஓடுகிறது. உள்ளே உள்ளே போன படிக்கட்டு, ஒரே நேர்க்கோட்டுச் சங்கிலியாக ஆனது இப்படித்தான்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுவே. தென்னுக்குள் ஃபங்ஷனை அடைப்புக்குறி போட்டு நீளமாக எழுதி, 'இதைத் திருப்பு' என்று சொல்லும் ரிட்டர்னைப் போட மறந்துவிடுவார்கள். ஃபங்ஷன் எதையும் திருப்பவில்லை. ஆகவே புதிய சீட்டு வெறுங்கையோடு உடனே நிறைவேறிவிடும். அடுத்த படி யாருக்கும் காத்திராமல் ஓடி, அன்டிஃபைண்ட், அதாவது மதிப்பே இல்லை, என்று வந்து நிற்கும். சங்கிலியில் அன்டிஃபைண்ட் தென்பட்டால் நான் இன்றும் முதலில் தேடுவது விட்டுப்போன ரிட்டர்னைத்தான்.

இன்னொரு சிறு விஷயம். கீழே இருப்பது எந்த வரிசையில் எழுதும் என்று ஊகித்துப் பாருங்கள்:

    எழுது("ஒன்று")
    செட்டைம்அவுட்(() => எழுது("இரண்டு"), 0)
    பிராமிஸ்.ரிசால்வ்().தென்(() => எழுது("மூன்று"))
    எழுது("நான்கு")

செட்டைம்அவுட் என்பது குறிப்பிட்ட நேரம் கழித்து ஓட்டச் சொல்வது. ரிசால்வ் இங்கே ஏற்கெனவே நிறைவேறிய பிராமிஸைத் தருகிறது. வரும் விடை: ஒன்று, நான்கு, மூன்று, இரண்டு. தென்னுக்குள் இருப்பது, பிராமிஸ் முன்பே நிறைவேறியிருந்தாலும், கையிலிருக்கும் வேலை முடிந்த பிறகே ஓடும். ஆனால் அதற்கென்று மைக்ரோடாஸ்க் என்ற தனி வரிசை உண்டு. சாதாரண வரிசையில் அடுத்த குறிப்பை எடுப்பதற்கு முன் ஈவண்ட் லூப் இதை முழுவதும் காலிசெய்துவிடும். அதனால்தான் சுழி நேரம் கொடுத்த செட்டைம்அவுட்டை மூன்று முந்திக்கொண்டது.

சுருக்கமாக: பிராமிஸ் ஒரு சீட்டு, ஒரே ஒரு முறை முடிவாகும். தென் அதிலிருந்து இன்னொரு சீட்டை உண்டாக்கும். உள்ளே எதைத் திருப்புகிறோமோ அதுவே அடுத்த சீட்டின் பதில்.

## பிழை எங்கே போய்ச் சேரும்

சங்கிலியில் எந்தப் படியில் மறுப்பு வந்தாலும், நடுவிலுள்ள தென்களைத் தாண்டி, கீழே முதலில் வரும் கேட்ச்சுக்குப் போகும். ஒவ்வொரு படியிலும் சோதித்தது ஒரே இடத்துக்கு வந்துவிட்டது. கேட்ச்சும் புதிய பிராமிஸைத்தான் தருகிறது. அது பிழையைச் சமாளித்து ஒரு மதிப்பைத் திருப்பினால், அதன்கீழுள்ள சங்கிலி ஒன்றும் நடக்காததுபோல் தொடரும்.

கேட்ச் எங்குமே இல்லாவிட்டால்? பிரவுசரில் நிரலாளர் பார்க்கும் கன்சோல் பகுதியில் ஒரு சிவப்பு வரியோடு நின்றுவிடும். நோட் ஜேஎஸ் முன்பு எச்சரிக்கை மட்டும் கொடுத்தது. 2020-ல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து, இயல்பாக நிரலையே நிறுத்திவிடுகிறது. கடுமைதான், ஆனாலும் எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

ஃபெட்ச் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபெட்ச் என்பது சர்வரிடம் கேட்பதற்குப் பிரவுசர் தரும் ஃபங்ஷன், பிராமிஸைத் திருப்பும். சர்வர் "அப்படி ஒரு பக்கமே இல்லை" என்று 404 அனுப்பினாலும் அந்தப் பிராமிஸ் நிறைவேறும். ஏனென்றால் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பதில் கசப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பே கிடைக்காமல் போவது போன்ற நிலையில்தான் மறுக்கப்படும். அதனால் வந்த பதிலில் ஓகே என்ற பண்பு உண்மையா என்று பார்த்து, இல்லையென்றால் பிழையை நாமே எழுப்ப வேண்டும்.

## ஏசிங்க், அவெயிட்

ஜாவாஸ்கிரிப்ட்டின் 2017 பதிப்பில் இந்த இரண்டு சொற்கள் சேர்ந்தன. அதே வேலையை இப்போது இப்படி எழுதலாம்:

    ஏசிங்க் ஃபங்ஷன் கருத்துகளைத்_திற() {
      ட்ரை {
        கான்ஸ்ட் பயனர் = அவெயிட் பயனரை_எடு(7)
        கான்ஸ்ட் பதிவுகள் = அவெயிட் பதிவுகளை_எடு(பயனர்)
        காட்டு(அவெயிட் கருத்துகளை_எடு(பதிவுகள்[0]))
      } கேட்ச் (பிழை) {
        பிழையைக்_காட்டு(பிழை)
      }
    }

மேலிருந்து கீழே கதைபோலப் படிக்கலாம். ட்ரையும் கேட்ச்சும் பழையபடி வேலை செய்கின்றன. உள்ளே நடப்பது என்னவோ பிராமிஸ்தான்.

அவெயிட் வந்ததும் எல்லாம் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். நிற்பது அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும். அது பாதியில் ஓரமாக வைக்கப்படும். நம் ஆள் வேறு வேலை பார்க்கப் போவார். பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஆகவே ஏசிங்க் ஃபங்ஷனைக் கூப்பிட்டவருக்கு விடை உடனே கிடைக்க வழியில்லை. எப்போதும் பிராமிஸ்தான் கிடைக்கும். உள்ளே வெறும் எழுத்தைத் திருப்பினாலும் வெளியே வருவது அந்த எழுத்துக்கான சீட்டு. என் வணக்கம் பக்கத்தில் நடந்தது இதுவே: ஏசிங்க் ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடத்தில் அவெயிட் போடவில்லை.

## ஒன்றன்பின் ஒன்றா, சேர்ந்தேயா

அவெயிட் எழுத எளிது என்பதாலேயே ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று விவரங்களை மூன்று வரியில் அவெயிட் போட்டு வாங்குவோம். ஒவ்வொன்றுக்கும் 300 மில்லி நொடி என்றால் மொத்தம் 900. முதல் பதில் வந்தபின்தான் இரண்டாவது கேள்வியே கேட்கப்படுகிறது.

மூன்று ஃபங்ஷன்களையும் அவெயிட் இல்லாமல் முதலில் கூப்பிட்டால் மூன்று சீட்டும் கைக்கு வரும், மூன்று வேலையும் ஓடத் தொடங்கிவிடும். பிறகு அவற்றைப் பிராமிஸ் ஆல் என்பதிடம் பட்டியலாகக் கொடுத்து ஒரே அவெயிட் போடலாம். ஏறக்குறைய 300-ல் முடியும். இதைப் பார்த்துத்தான் பிராமிஸ் வேகமாக்கும் என்ற பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். பிராமிஸ் ஆல் எதையும் ஓட்டுவதில்லை. ஓடிக்கொண்டிருப்பவற்றின் சீட்டுகளைச் சேர்த்து ஒரே சீட்டாகக் கட்டித் தருகிறது. நேரம் மிச்சமானது முன்கூட்டியே கேட்டதால். பெரிய கணக்கு ஒன்றை ஏசிங்க் ஃபங்ஷனுக்குள் வைத்துப் பாருங்கள், பக்கம் முன்போலவே உறையும். கணக்குப் போடுவது அதே ஒற்றை ஆள்தானே.

பிராமிஸ் ஆலில் ஒன்று மறுக்கப்பட்டாலும் மொத்தமும் மறுக்கப்படும். வந்தது வரட்டும், வராதது போகட்டும் என்றால் 2020-ல் சேர்ந்த ஆல்செட்டில்ட் இருக்கிறது. அப்புறம், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் ஃபார்ஈச்சுக்குள் அவெயிட் போடாதீர்கள். திரும்பி வரும் பிராமிஸ்களை அது கண்டுகொள்வதே இல்லை. சாதாரண ஃபார் சுற்று போதும்.

## சீட்டைக் கிழித்தால் வேலை நிற்காது

பிராமிஸை ரத்துசெய்ய முடியாது. மாறியிலிருந்து தூக்கி எறிந்தாலும் அங்கே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். தேடல் பெட்டியில் இது தெளிவாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்வி அனுப்புகிறோம். முதல் எழுத்துக்கான பதில் தாமதமாகி, மூன்றாம் எழுத்தின் பதிலுக்குப் பிறகு வந்து, திரையில் பழைய முடிவுகளை எழுதிவிடும்.

வேலையை நிறுத்த வேண்டுமானால் வேலை செய்பவரிடம்தான் சொல்ல வேண்டும். அதற்கான தனிக் கருவி அபார்ட்கன்ட்ரோலர். அதிலிருந்து ஒரு சிக்னலை எடுத்து ஃபெட்ச்சுடன் அனுப்புங்கள். அடுத்த எழுத்து அடிக்கப்பட்டதும் பழைய கன்ட்ரோலரில் அபார்ட் சொல்லுங்கள். பழைய பிராமிஸ், அபார்ட்எரர் என்ற பெயருள்ள பிழையோடு மறுக்கப்படும். கேட்ச்சில் அந்தப் பெயரைப் பார்த்தால் பயனரிடம் எதுவும் காட்டாமல் விட்டுவிடுங்கள். அவர் இன்னொரு எழுத்து அடித்ததைத் தவிர அங்கே எதுவும் நடக்கவில்லை.